க்ராடோஸ் நல்லவனா கெட்டவனா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல 'காட் ஆஃப் வார்' கேம் பத்தி ஒரு பக்கம் எழுதினதுக்கு வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் படிச்சு முடிச்சப்பவே தெரிஞ்சுடுச்சு, இந்த தடவை பகுதி முழுக்க இதுக்கு தான்னு. பாதிக்கு மேல நம்ம செட்டிநாட்டு ஊர்கள்ல இருந்தே வந்திருக்கு, ரொம்ப சந்தோஷம். விளையாடாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன்: 2005ல பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ஆக்‌ஷன் கேம், சோனியோட சாண்டா மோனிகா ஸ்டுடியோ செஞ்சது, கிரேக்க புராணத்த எடுத்து அவங்க இஷ்டத்துக்கு மாத்தி கட்டின கதை, க்ராடோஸ்னு ஒரு ஸ்பார்ட்டா வீரன் தான் நாயகன்.

கேள்வி: தம்பி, என் மகன் ஒன்பதாங்கிளாஸ் படிக்கிறான். லீவுக்கு எங்க ஆத்தா வீட்டுக்குப் போனவன் அங்க அம்மான் மகனோட உக்காந்து ஏதோ கேம் விளையாடிக்கிட்டு இருந்தான். நான் காப்பி குடுக்க உள்ள போனா, உடம்பெல்லாம் வெள்ளையா ஒரு ஆளு இன்னொருத்தன் கண்ண நோண்டுறான். எனக்கு கை கால் ஆடிப்போச்சு. கேட்டா "அது சாமி ஆத்தா, சாமிய தான் அடிக்கிறான்"ங்கிறான். இதெல்லாம் வீட்டுல விடலாமா? (ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்)

பதில்: ஆச்சி, நீங்க பாத்தது மூணாவது பாகத்தோட ஆரம்பம், 2010ல வந்தது. கண்ணு போனது கடல் சாமி பொசைடனுக்கு. அந்த இடத்துல கேமராவ பொசைடனோட கண்ணுக்குள்ளயே வெச்சிருப்பாங்க, அதாவது அடி வாங்குறவன் என்ன பாப்பானோ அத தான் நாமளும் பாப்போம், க்ராடோஸ் மூஞ்சி நம்ம மூஞ்சிக்கு நேரா வரும், கடைசில கன்ட்ரோலர்ல இருக்கிற ரெண்டு ஸ்டிக்கையும் கட்டைவிரலால ஒண்ணா அமுக்கணும், அமுக்குனதும் திரை இருட்டாயிடும். பெரியவங்க விளையாடும்போது அந்த இடத்துல 'நான் என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்'னு ஒரு சங்கடம் வரும், அது வரணும்னு தான் அப்படி வெச்சிருக்காங்கன்னு நான் நினைக்கிறேன். ஆனா 14 வயசு பையனுக்கு அந்த சங்கடம் வராம வெறும் 'செம்மடா'ன்னு மட்டும் போயிடலாம். அதனால உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்லிடறேன், இந்த வயசுக்கு இது வேண்டாம். அமெரிக்காவுல இதுக்கு 17 வயசுக்கு மேலன்னு ரேட்டிங், ஐரோப்பாவுல 18. நம்ம ஊர்ல சினிமாவுக்கு இருக்கிற மாதிரி கேமுக்கு யு, ஏ சர்டிபிகேட் எல்லாம் கிடையாது, டப்பா மேல சின்னதா போட்டிருக்கிற அந்த நம்பர தான் நாம பாத்துக்கணும். ரத்தம் மட்டும் இல்ல, பழைய பாகங்கள்ல பெரியவங்களுக்கான வேற காட்சிகளும் இருக்கு.

ஆனா ஒரேயடியா பிடுங்கி வெச்சுட்டு பேச்ச முடிச்சுடாதீங்க ஆச்சி. 'அந்த ஆளு ஏன்டா வெள்ளையா இருக்கான்'னு ஒரு தடவை அவன்கிட்ட கேளுங்க. அதுல தான் மொத்த கதையும் இருக்கு. க்ராடோஸ் ஸ்பார்ட்டா படைக்கு தளபதி, ஒரு சண்டைல தோத்து சாகப்போற நேரத்துல போர்க்கடவுள் ஏரிஸ கூப்பிட்டு, 'என்ன ஜெயிக்க வை, என் உயிர் உனக்கு'ன்னு வாக்கு குடுத்துடறான். ஏரிஸ் சங்கிலி கோத்த ரெண்டு கத்திய அவன் கைல சுட்டு பதிச்சு விடறான். அப்புறம் ஏரிஸ் சொன்ன ஊரெல்லாம் போய் கொன்னு குவிக்கிறான், ஒரு நாள் அதீனாங்கிற பெண் தெய்வத்த கும்புடுற ஒரு கிராமத்துல கோயிலுக்குள்ள புகுந்து வெறில கண்ணு மண்ணு தெரியாம வெட்டி முடிச்சுட்டு பாத்தா, கீழ கிடக்கிறது அவன் பொண்டாட்டி லிசாண்ட்ராவும் மக கலியோப்பியும். ஏரிஸ் தான் அவங்கள அங்க கொண்டு வந்து வெச்சிருக்கான். அவங்க எரிஞ்ச சாம்பல் இவன் தோல்ல ஒட்டிக்குது, என்ன பண்ணாலும் போகாது. அந்த வெள்ளை அதான். உங்க மகன் இத சொல்லிட்டா அவன் கதைய கவனிச்சிருக்கான்னு அர்த்தம், தெரியலன்னா சண்டைய மட்டும் பாத்திருக்கான்.

அவனுக்கு இந்த சாமிங்க கதை பிடிச்சிருக்குன்னா கீழ 'ஹேடீஸ்'னு ஒரு கேம் பத்தி சொல்லியிருக்கேன், அது 13 வயசுக்கு மேல ஆடலாம், அத வாங்கி குடுங்க. அம்மான் வீட்டு பிளேஸ்டேஷன்ல குடும்ப செட்டிங்க்ஸ்னு ஒண்ணு இருக்கு, பையனுக்கு தனி அக்கவுண்ட் போட்டு வயசு கட்டுப்பாடும், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்ங்கிறதும் வெச்சுடலாம், உங்க தம்பிய போட்டு குடுக்கச் சொல்லுங்க.

கேள்வி: தம்பிக்கு ஆசிகள். கிரேக்க புராணம் எவ்வளவு பெரிய சொத்து. அதில் தெய்வங்களுக்கெல்லாம் அரசனான ஜீயஸையே ஒருவன் கொல்வதாகக் கதை கட்டுவது புராணத்தைக் கேவலப்படுத்துவது ஆகாதா? படிக்காத பிள்ளைகள் இதுதான் உண்மையான கதை என்று நம்பிவிட மாட்டார்களா? (ஓய்வு பெற்ற தமிழாசிரியர், புதுவயல்)

பதில்: ஐயா வணக்கம். பிள்ளைங்க நம்பிடுவாங்கங்கிற உங்க பயம் நியாயமான பயம், அதுக்கு அப்புறம் வரேன். கேவலப்படுத்துறதுங்கிறத மட்டும் என்னால ஒத்துக்க முடியல, காரணம் சொல்றேன்.

காரைக்குடில 1939ல சா. கணேசன் ஐயா ஆரம்பிச்ச கம்பன் கழகத்து மேடைல எத்தன பேர் எத்தன வருஷமா பேசியிருப்பாங்க, வால்மீகி எங்க நின்னாரு கம்பன் எங்க விலகுனான்னு. வால்மீகில ராவணன் சீதைய கையால பிடிச்சு தூக்கிட்டு போறான், கம்பன் அத வெக்கல, குடிசையோட சேர்த்து மண்ணையே பேர்த்து எடுத்துட்டு போனான்னு மாத்துறான். யாராச்சும் கம்பன் வால்மீகிய கெடுத்துட்டான்னு சொல்றோமா? ஏன் மாத்துனான்னு தானே கேக்குறோம், அந்த 'ஏன்'ல தானே பேச்சாளருங்க ராத்திரி முழுக்க பேசுறாங்க. கேம கம்பனுக்கு சமமா வெக்கிறேன்னு நினைச்சுடாதீங்க ஐயா, பழைய கதைய மறுபடி சொல்றவங்க கிட்ட நாம கேக்க வேண்டிய கேள்வி அதே கேள்வி தான்னு சொல்றேன்.

அந்த கேள்விய இங்க கேட்டுப் பாருங்க. கிரேக்க புராணத்துல முதல்ல யுரேனஸ், அவன அவன் மகன் குரோனஸ் வீழ்த்துறான். குரோனஸுக்கு 'உன் பிள்ளையே உன்ன வீழ்த்தும்'னு வாக்கு, அதனால பொறக்கிற பிள்ளைய எல்லாம் முழுங்குறான், ஹெஸ்டியா, டெமீட்டர், ஹீரா, ஹேடீஸ், பொசைடன்னு வரிசையா. ஆறாவதா ஜீயஸ் பொறந்ததும் அம்மாக்காரி ரியா ஒரு கல்ல துணில சுத்தி குடுத்து புருஷன ஏமாத்திட்டு பிள்ளைய கிரீட் தீவுல ஒளிச்சு வளக்குறா. அந்த ஜீயஸ் வளந்து வந்து அப்பன வீழ்த்துறான். அதோட முடியல, அதே பயம் ஜீயஸுக்கும் வருது, தன் பொண்டாட்டி மீட்டிஸ் வயித்துல பொறக்கப்போற மகன் தன்ன மிஞ்சிடுவான்னு தெரிஞ்சு, பிள்ளை பொறக்கிறதுக்கு முன்னாடியே அவளயே முழுங்கிடறான், அப்புறம் அவன் தலைல இருந்து அதீனா பொறக்குறா. ஆக, அப்பன் மகனுக்கு பயப்படுறது, மகன் அப்பன சாய்க்கிறது, இது புராணத்துக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு சரடு, ஜீயஸ் கிட்ட வந்ததும் அது அறுந்து நிக்குது. கேம் பண்ணவங்க அந்த அறுந்த நுனிய பிடிச்சாங்க. 2007ல வந்த ரெண்டாவது பாகத்துல க்ராடோஸ் கத்தில இருந்து ஜீயஸ காப்பாத்த குறுக்க விழுந்து சாகும்போது அதீனா சொல்றா, க்ராடோஸ் ஜீயஸோட மகன்னு. அது வரைக்கும் விளையாடுன எல்லாமும் அந்த ஒரு வரில புரண்டு போகும் ஐயா. ஜீயஸ் ஏன் இவன கொல்ல நினைச்சான்னு அப்ப தான் விளங்கும். இத புராணம் தெரியாம எழுதியிருக்க முடியாது.

பொண்டாட்டி பிள்ளைய கொல்றதும் அவங்க கைச்சரக்கு இல்ல. ஜீயஸோட பொண்டாட்டி ஹீரா அனுப்புன பைத்தியத்துல ஹெராகிளிஸ்ங்கிற வீரன் தன் பிள்ளைங்களயே கொன்னதா கிரேக்கர்கள் சொன்ன கதைல இருந்து வந்தது தான். க்ராடோஸ்ங்கிற பேர்ல ஒரு ஆள் புராணத்துலயும் இருக்கான், பாதாள ஆத்து தெய்வம் ஸ்டிக்ஸ் பெத்த பிள்ளை, பலத்தோட உருவம், ஈஸ்கிலஸ் பேர்ல வழங்குற நாடகத்துல மனுஷங்களுக்கு நெருப்ப திருடி குடுத்த ப்ரொமீதியஸ பாறைல கட்ட நிக்கிறவன், ஜீயஸுக்கு முழு விசுவாசி. கேம்ல வர்றவன் வேற ஆளு, ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

மூணாவது பாகத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் ஒண்ணு சொல்லணும். ஒவ்வொரு சாமி சாகும்போதும் உலகத்துல ஒண்ணு கெட்டுப்போகும். பொசைடன் செத்ததும் கடல் பொங்கி ஊரு முழுகுது, ஹீலியோஸ் தலை போனதும் சூரியன் மறைஞ்சு மழையும் இருட்டும், ஹெர்மிஸ் செத்ததும் பூச்சியும் நோயும் கிளம்புது, ஹீரா செத்ததும் செடி கொடி எல்லாம் கருகுது. பழி வாங்கணும்னு ஒருத்தன் மேல மேல ஏறிக்கிட்டு இருக்கான், பின்னாடி ஜன்னல்ல தெரியிற உலகம் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே வருது, அவன் திரும்பியே பாக்க மாட்டான். யாரும் வசனத்துல உபதேசம் பண்றதில்ல, நாமளா தான் பாத்து தெரிஞ்சுக்கணும். பண்டோரா கதைல பழைய கிரேக்க கவிஞர் ஹெசியட் பாடுனபடி, அவ ஜாடிய தொறந்ததும் எல்லா கேடும் வெளிய போய் நம்பிக்கை மட்டும் ஜாடிக்குள்ள தங்கிடுது இல்லையா, தனக்குள்ள வந்து தங்குன அந்த நம்பிக்கைய கடைசில க்ராடோஸ் தன் உடம்புல கத்திய குத்திக்கிட்டு ஜனங்களுக்கு விட்டுட்டு போறான். தங்கிப்போன ஒண்ண வெளிய எடுத்து விட்டாங்க, அவ்வளவு தான் மாத்தம், ஆனா எவ்வளவு பெரிய மாத்தம்.

குத்தமே இல்லன்னு சொல்ல மாட்டேன். பொம்பளைங்கள எழுதுன விதம் மோசம். ஹீராவ வெறும் குடிகாரியா காட்டுனது சோம்பேறித்தனமான எழுத்து. மூணாவது பாகத்துல ஒரு கதவு மூடாம இருக்க ஒரு பொண்ண சக்கரத்துல கட்டி வெச்சு சாக விடுற ஒரு இடம் வரும், முதல் பாகத்துல கூண்டுக்குள்ள கெஞ்சுற ஒரு சிப்பாய தீக்கு பலி குடுத்தா தான் வழி தொறக்கும், இதெல்லாம் க்ராடோஸ் எப்படிப்பட்டவன்னு காட்டத்தான்னாலும் கேம் அத தாண்டி ஒரு வினாடி கூட நின்னு பாக்காது. அது எனக்கு உறுத்தல் தான்.

பிள்ளைங்க நம்பிடுவாங்கங்கிறதுக்கு வழி உங்கள மாதிரி ஆளுங்க கைல தான் ஐயா இருக்கு. கேம் விளையாடுன பையன் ஒருத்தன கூப்பிட்டு, 'குரோனஸ் கல்ல முழுங்குன கதை தெரியுமா'ன்னு ஒண்ண எடுத்து விடுங்க, அவன் அசர மாட்டான், உங்கள நகர விட மாட்டான். பேரு எல்லாம் அவனுக்கு ஏற்கனவே மனப்பாடம், கதை மட்டும் தான் குடுக்கணும்.

கேள்வி: அண்ணே, முதல் பாகத்துல பாதாளத்துல கத்தி வெச்ச சுத்துற தூண் ரெண்டு வருமே, ஏற ஏற கீழ தள்ளுது, கன்ட்ரோலர தூக்கி எறிஞ்சுடலாம் போல இருக்கு. ஒரு வழி சொல்லுங்க. (கல்லூரி முதலாம் ஆண்டு, தேவகோட்டை)

பதில்: எறியாத தம்பி, அது விலை என்னன்னு உனக்கே தெரியும். அந்த இடம் உலகம் முழுக்க எல்லாரையும் அழ வெச்ச இடம். ஜம்ப் பட்டன மறந்துடு, ஸ்டிக்க மட்டும் வெச்சு ஏறு. எல்லாரும் செய்ற தப்பு மேல மட்டுமே பாத்து போறது, தூண் சுத்திக்கிட்டே இருக்கிறதால பக்கவாட்டுல போறதும், தேவைப்பட்டா ரெண்டு அடி கீழ இறங்குறதும் தான் அங்க ஏறுற முறை. கத்தி வர்ற பக்கத்துக்கு எதிர் பக்கமா நகர்ந்துக்கிட்டே, இடைவெளி கிடைச்சா ஒரு ஆள் உயரம் மட்டும் ஏறிட்டு மறுபடி பக்கவாட்டுக்கு வா. ஏறுறதுக்கு முன்னாடி கீழயே நின்னு ரெண்டு சுத்து முழுசா பாத்துக்கோ, எந்த கத்திக்கு அப்புறம் இடம் அதிகமா இருக்குன்னு புரிஞ்சுடும். டிஃபிகல்ட்டிய ஈஸின்னு மாத்துனா சண்டை தான் லேசாகும், இந்த தூண் மாறாது, அத நம்பி மாத்தாத.

அதுக்கு அப்புறம் ஏரிஸோட கடைசி சண்டை வரும், அதுல நடுவுல ஒரு கட்டம் இருக்கு, அத அவசரமா தாண்டிடாத. ஏரிஸ் இவன திரும்ப அந்த பழைய நாளுக்கே கொண்டு போய் நிறுத்துவான், பொண்டாட்டியும் மகளும் நடுவுல நிப்பாங்க, சுத்தி வந்து வெட்ட வர்றது எல்லாம் க்ராடோஸ் மாதிரியே இருக்கிற ஆளுங்க. தன்ன மாதிரியே இருக்கிறவங்க கிட்ட இருந்து குடும்பத்த காப்பாத்தணும். அவங்க உயிர் குறைஞ்சா கிட்ட போய் வட்ட பட்டன அமுக்கு, கட்டிப்பிடிப்பான், அவன் உயிர் அவங்களுக்கு போகும். கேம் ஆரம்பத்துல இருந்து வெட்டுறதுக்கும் கிழிக்கிறதுக்கும் தான் அந்த பட்டன அமுக்கியிருப்ப, இங்க மட்டும் அதே பட்டன் கட்டிப்பிடிக்கிறதுக்கு. இத யோசிச்ச ஆளுங்களுக்கு நான் கை எடுத்து கும்பிடுவேன். ஆட்டத்துக்கு உதவுற விஷயமும் இதான், கூட்டம் சேர விடாம அடிக்கடி கட்டிப்பிடிச்சுக்கிட்டே இரு, உன் உயிர சிவப்புக்கு போக விடாம பாத்துக்கோ.

கேள்வி: எனக்கு இவ்வளவு ரத்தம் ஒத்துக்காது, ஆனா கிரேக்க கதைங்க ரொம்ப பிடிக்கும். என் லேப்டாப் சாதாரண காலேஜ் லேப்டாப். எனக்கு ஏத்த மாதிரி ஏதாச்சும் இருக்கா? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

பதில்: கண்ண மூடிக்கிட்டு 'ஹேடீஸ்' வாங்குங்கம்மா. சூப்பர்ஜயண்ட் கேம்ஸ்னு ஒரு சின்ன ஸ்டுடியோ, 2020 செப்டம்பர்ல முழுசா வந்துச்சு, அடுத்த வருஷமே ஹ்யூகோ விருது வாங்குச்சு, அறிவியல் புனைவுக்கும் மாயக் கதைக்கும் குடுக்கிற அந்த விருத ஒரு வீடியோ கேம் வாங்குனது அதான் முதல் தடவை. 4 ஜிபி ரேம் இருக்கிற லேப்டாப்லயும் ஓடும்.

கதை என்னன்னா, பாதாள ராஜா ஹேடீஸோட மகன் ஸாக்ரியஸ் அப்பன் வீட்ட விட்டு ஓடப் பாக்குறான், மேல எங்கயோ இருக்கிற அம்மாவ தேடி. டார்டரஸ், ஆஸ்ஃபோடல், எலிஸியம்னு ஒவ்வொரு அடுக்கா சண்டை போட்டு மேல ஏறணும். செத்தா கேம் ஓவர் கிடையாது, பாதாளத்துக்காரன் செத்தா எங்க போவான், வீட்டுக்கு தானே, ரத்த ஆறு ஒண்ணுல இருந்து எழுந்து அப்பா உக்காந்திருக்கிற கூடத்துக்கே வந்து நிப்பான், அப்பா தலைய தூக்காம கணக்கு எழுதிக்கிட்டே ஒரு வார்த்தை குத்துவாரு. சாவு வந்தா தான் அடுத்த பேச்சு நடக்கும், கதை நகரும், அதனால தோத்தா கோவமே வராது. மேல இருந்து ஜீயஸ், அதீனா, பொசைடன் எல்லாம் சித்தப்பா பெரியப்பா அத்தை மாதிரி வரம் அனுப்புவாங்க, ஒவ்வொருத்தர் வரமும் சண்டைய வேற மாதிரி மாத்தும்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது, பிரிஞ்சவங்கள சேர்த்து வெக்கிற வேலை. ஆர்ஃபியஸ் திரும்பிப் பாத்ததால பொண்டாட்டி யூரிடைஸிய இழந்தான்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அவங்க ரெண்டு பேரும் பாதாளத்துல ஆளுக்கொரு பக்கம் இருப்பாங்க. ட்ராய் போர் வீரங்க அக்கிலிஸும் பெட்ரோக்ளஸும் அப்படியே. நடுவுல போய் வர்ற ஸாக்ரியஸ் சேதி சொல்லி, பரிசு குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா சேத்து வெப்பான். மூவாயிரம் வருஷமா சோகமாவே முடிஞ்ச கதைக்கு ஒரு நல்ல வழி பாத்து குடுத்திருக்காங்க. காலம் பூரா பாறைய மலை மேல உருட்டுற தண்டனை வாங்குன சிஸிஃபஸ் கூட அந்த பாறைய சிநேகிதன் மாதிரி வெச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு இருப்பான். மூணு தலை நாய் செர்பரஸ தடவி குடுக்க மறந்துடாதீங்க. பிடிச்சா ரெண்டாவது பாகமும் இருக்கு, 2025 செப்டம்பர்ல முழுசா வந்துச்சு, அதுல மகளோட கதை, மெலினோயி, சூனியம் கத்துக்கிட்ட பொண்ணு.

கேள்வி: மொபைல்ல காட் ஆஃப் வார் ஃப்ரீயா டவுன்லோட் பண்ண லிங்க் யூடியூப்ல இருக்கு. பண்ணலாமா? அப்புறம் பிசில எந்தெந்த பாகம் ஓடும்? (பள்ளத்தூர்)

பதில்: பண்ணாதீங்க. 2007ல பழைய பட்டன் போனுக்கு 'பிட்ரேயல்'னு ஒரு சின்ன கேம் வந்தது, மத்தபடி இப்ப இருக்கிற ஸ்மார்ட்போனுக்குன்னு அந்த கேம்ங்க வந்ததே இல்ல. வீடியோல ஓடுறது பிஎஸ்பிங்கிற பழைய கையடக்க மெஷினுக்கு 2008லயும் 2010லயும் வந்த ரெண்டு பாகம், பழைய மெஷின் மாதிரியே போன நடிக்க வெக்கிற எமுலேட்டர் ஆப் வெச்சு ஓட்டுறாங்க. எமுலேட்டர் தப்பில்ல, கேம் ஃபைல திருட்டுத்தனமா எடுக்கிறது தான் தப்பு, அந்த 'ஏபிகே'ன்னு (ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல்) வர்ற லிங்க்ல பாதி உங்க போன்ல இருக்கிற பேங்க் ஆப்புக்கு குறி வெக்கிற சரக்கு.

பிசில 2018ல வந்த பாகமும் அதோட தொடர்ச்சியான 'ராக்னராக்'கும் சோனியே விட்டிருக்கு. 2018 பாகத்துக்கு குறைஞ்சது 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 960 அளவுக்கு கிராபிக்ஸ் கார்டு, 70 ஜிபி இடம் வேணும். ராக்னராக்குக்கு 190 ஜிபி. ஆனா இந்த ரெண்டும் கிரேக்கம் இல்ல, வட ஐரோப்பா புராணம். கிரேக்க பாகம் தான் வேணும்னா மூணாவது பாகத்த பிஎஸ்4ல மெருகேத்தி விட்டிருக்காங்க, பிஎஸ்5லயும் ஓடும். பழைய டிஸ்க் காரைக்குடி, திருச்சி பக்கம் செகண்ட்ஹேண்ட்ல தேடுனா கிடைக்கும்.

கேள்வி: நெற்குப்பை சொந்த ஊர், சிங்கப்பூரில் வேலை. மகன் ஊரில் காலேஜ் ரெண்டாம் வருஷம். போனில் பேசினால் "ம்", "சரி அப்பச்சி" இதுக்கு மேல வார்த்தை வராது. அவன் இந்த கேம் பைத்தியம் என்று அவன் ஆத்தா சொன்னாள். நானும் அவனும் சேர்ந்து இதை விளையாட வழி இருக்கிறதா? (பெயர் வேண்டாம்)

பதில்: அண்ணே, உங்க கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன். வழி இருக்கு. இது ஒரே ஆள் விளையாடுற கேம் தான், ஆனா ரெண்டு பேர் கிட்டயும் பிளேஸ்டேஷன் இருந்தா ஷேர் ப்ளேன்னு ஒரு வசதி இருக்கு, அவன் விளையாடுறத நீங்க அங்க இருந்து பாக்கலாம், அவன் விட்டு குடுத்தா கன்ட்ரோலும் உங்க கைக்கு வரும். உங்க கிட்ட மெஷின் இல்லன்னா டிஸ்கார்டுங்கிற பேசுற ஆப்ல ஸ்க்ரீன் ஷேர் போடச் சொல்லுங்க, பேசிக்கிட்டே பாத்தா போதும்.

ஆனா கிரேக்க பாகத்துல ஆரம்பிக்காதீங்க, 2018 பாகத்துல ஆரம்பிங்க. அங்க க்ராடோஸுக்கு வயசாயிடுச்சு, தாடி வெச்சுட்டான், கிரேக்கத்த விட்டு ரொம்ப தூரம் வந்து வடக்குல ஒரு காட்டுல குடித்தனம், ரெண்டாவது பொண்டாட்டி செத்துப் போயிட்டா. அவ அஸ்திய எல்லா உலகத்துலயும் உயரமான சிகரத்துல இருந்து தூவணும்ங்கிறது அவ கடைசி ஆசை. மகன் அட்ரியஸோட கிளம்புறான். முதல் குடும்பத்தோட சாம்பல் அவன் தோல்ல, ரெண்டாவது குடும்பத்தோட சாம்பல் இடுப்புல ஒரு பைல. மகன்கிட்ட பேசத் தெரியாது, பேர சொல்லி கூட கூப்பிட மாட்டான், 'பையா'ன்னு தான் கூப்பிடுவான். தோள்ல கை வெக்கப் போவான், பாதில எடுத்துடுவான். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கேமரா எங்கயும் வெட்டாம ஒரே ஷாட்டா பின்னாடியே போகும், அதனால அந்த கை பாதில நிக்கிறத நாம தப்பவே முடியாது.

பாதி கேம்ல மகனுக்கு உடம்பு முடியாம போகும். மருந்துக்கு ஹெல்ஹைம்ங்கிற பனி உலகத்துக்கு போகணும், க்ராடோஸ் கைல இருக்கிற கோடாலி பனி ஆயுதம், அங்க எடுபடாது. தனியா படகுல வீட்டுக்கு திரும்பி வந்து, தரைய பேர்த்து, துணில சுத்தி புதைச்சு வெச்சிருந்த ஒண்ண வெளிய எடுப்பான். ஏரிஸ் குடுத்த அந்த பழைய கத்திங்க. எந்த கத்தியால குடும்பத்த கொன்னானோ அதையே பிள்ளைய காப்பாத்த திரும்ப கைல கட்டுறான், அதுவரைக்கும் கைல சுத்தியிருந்த கட்டு துணி எதுக்குன்னு அப்ப தான் தெரியும், உள்ள சங்கிலி சுட்ட தழும்பு. அதீனா நிழலா வந்து நீ எப்பவும் அரக்கன் தான்ங்கிறா. ஆமா, ஆனா இனிமே உன் அரக்கன் இல்லைங்கிறான். இந்த இடம் புரிய கிரேக்க கதை தெரிஞ்சிருக்கணும், அத உங்க மகன்கிட்ட கேளுங்க. 'அந்த கத்தி எதுடா, எனக்கு தெரியாதே'ன்னு மட்டும் கேளுங்க, அன்னைக்கு 'ம்'மோட நிக்காது.

கேள்வி: எங்க ஊர் வீடுகள்ல இருக்கிற பெரிய தூண்களும் கேம்ல வர்ற தூண்களும் ஒரே ஜாடையா இருக்கே? நம்ம கதைய, நம்ம ஊர வெச்சு இந்த மாதிரி கேம் வராதா? நான் 3டி மாடலிங் கத்துக்கிட்டு இருக்கேன். (ஆத்தங்குடி)

பதில்: ஜாடை சரியா தான் பிடிச்சிருக்கீங்க. பர்மா, இலங்கை, மலேயான்னு தொழில் பாத்த நம்மாளுங்க அங்கங்க வெள்ளைக்காரங்க கட்டின கட்டடத்த பாத்துட்டு வந்து இங்க கட்டுனாங்க, அந்த வெள்ளைக்காரங்க கிரேக்கத்த பாத்து கட்டுனாங்க. அதனால முகப்பு உச்சில சுதைல கஜலட்சுமி உக்காந்திருப்பா, பக்கத்துல தொப்பி போட்ட சிப்பாய் நிப்பான், கீழ தூண் மட்டும் ஏதென்ஸ்ல இருந்து நடந்து வந்த மாதிரி இருக்கும். அதுக்கும் ரொம்ப முன்னாடியே யவனர் இங்க வந்து மிளகு வாங்கிட்டு பொன்ன குடுத்துட்டு போனாங்க, பக்கத்துல புதுக்கோட்டை கருக்காக்குறிச்சில 1898ல 501 ரோம தங்க காசு ஒரே இடத்துல கிடைச்சுது.

நம்ம கதைய வெச்சு ஏற்கனவே ஒரு முயற்சி வந்திருக்கு, 2020ல புனேவுல இருக்கிற நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் பண்ண 'ராஜி', துர்க்கை குடுத்த ஆயுதத்தோட தம்பிய தேடிப் போற பொண்ணு கதை. குட்டி கேம் தான், ஆனா சுவர்ல வர்ற ஓவியத்துல கதை சொல்ற இடமெல்லாம் ரொம்ப அழகு. கட்டாயம் விளையாடிப் பாருங்க.

செட்டிநாட்டுக்கு வாங்க. நம்ம வீட்டோட அமைப்பே ஒரு கேம் லெவல் தான்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். முன் வாசல்ல நின்னா முகப்பு, வளவுங்கிற நடு முற்றம், ரெண்டாம் கட்டு தாண்டி பின் வாசல் வரைக்கும் நேர்கோட்டுல பார்வை போகும், முன்னாடி ஒரு தெரு, பின்னாடி அடுத்த தெரு. போக வேண்டிய இடம் முதல்லயே கண்ணுக்கு தெரியுது, ஆனா ஒவ்வொரு கட்டா தாண்டி தான் போகணும். நல்ல லெவல் டிசைனர் எல்லாம் இத தான் மெனக்கெட்டு செய்றாங்க. வளவுல மேல இருந்து விழுற வெயிலும், சுத்தி இருக்கிற இருட்டு அறைகளும் லைட்டிங்குக்கு கேக்கவே வேண்டாம். வெளிய வந்தா ஊருணி, அதத் தாண்டி அய்யனார் கோயில்ல வரிசையா மண் குதிரைங்க, அருவாளோட கருப்பர்.

ஒண்ணு மட்டும் கவனம். ஜீயஸ வெட்டுற மாதிரி கருப்பர வெட்டுறதுக்கு ஒரு சண்டை வெச்சுடாதீங்க. அவர் இன்னைக்கும் நம்ம ஜனங்க கிட்ட வாக்கு சொல்ற சாமி, மண் குதிரைய கோயிலுக்கு தூக்கிட்டுப் போற புரவி எடுப்பு திருவிழாவுக்கு குதிரை செய்ற வேளார் வீட்டுல ஒரு நாள் போய் உக்காந்து, குதிரை யாருக்கு, எதுக்கு, எப்ப செய்வாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் கதைய எழுதுங்க. காவல் சாமி கூட நின்னு சண்டை போடுற கதையா வரட்டும்.

3டி மாடல் செய்ற பிளெண்டர் சாஃப்ட்வேர் காசு இல்லாம கிடைக்குது, கேம் கட்டுற அன்ரியல் எஞ்சினையும் கத்துக்கிற வரைக்கும் காசு இல்லாமலே வெச்சுக்கலாம். முழு ஊரையும் கட்ட ஆரம்பிச்சா பாதில நின்னுடும், ஒரே ஒரு வளவு மட்டும் பண்ணுங்க, நாலு பக்கமும் தேக்கு தூண், தரைக்கு உங்க ஊர் பூக்கல்லு, ஒரு ஆள் நடந்து போனா போதும், சண்டை அப்புறம். பூக்கல்லு டிசைன போட்டோல இருந்து எடுக்காதீங்க, பட்டறைல கண்ணாடி மேல சாயம் ஊத்துற ஆள நேர்ல பாத்து நிறத்த குறிச்சுக்கோங்க. முடிச்சதும் வீடியோ எடுத்து நம்ம பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்க, ஸ்க்ரீன்ஷாட்ட இதே பக்கத்துல போடுறேன்.